கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில்) விட்டுப்போனதை இப்போது எழுதலாமா?

பழைய குறிப்பின் இடுக்கில் ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். போன வாரம் நோயாளி ஊசியை மறுத்ததை எழுத விட்டுப்போயிற்று, இப்போது உறவினர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்கிறீர்கள். கடைசிக் குறிப்புக்குக் கீழே இன்றைய தேதி, நேரம் போட்டு, 'தாமதப் பதிவு' என்றும் நினைவிலிருந்து எழுதுவதாகவும் குறிப்பிட்டு எழுதுங்கள். கணினிப் பதிவில் யார், எப்போது திருத்தினார்கள் என்பது பெரும்பாலும் உள்ளே பதிவாகிவிடும். காகிதத்தில் மையே காட்டிக்கொடுக்கும். சிகிச்சையில் தப்பே இல்லாவிட்டாலும், திருத்திய தாள் ஒன்று போதும், மற்ற பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

விட்டுப்போனதற்குக் காரணம் அநேகமாக, ஷிஃப்ட் முடிவில் எல்லாவற்றையும் மொத்தமாக உட்கார்ந்து எழுதுவதுதான். (யார்தான் செய்யவில்லை!)

உங்கள் கடைசிப் பத்து கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். 'நோயாளி மறுத்தார்' என்பதோடு நிற்கிறதா? மறுத்தால் என்ன ஆகலாம் என்று நீங்கள் விளக்கியதும் இருக்க வேண்டும், அவர் சொன்ன காரணமும் இருக்க வேண்டும். "போன தடவை தலைசுற்றியது, வேண்டாம்" என்று அவர் வார்த்தையிலேயே ஒரு வரி போதும்.

ஆனால் எழுத்துப்பூர்வமான புகாரோ வக்கீல் நோட்டீஸோ வந்துவிட்டதென்றால் தாமதப் பதிவும் எழுதாதீர்கள். முதலில் உங்கள் மருத்துவப் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உங்கள் வக்கீலுக்கும் சொல்லுங்கள். அப்புறம் அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள்.