ஸ்நேர் ஊமையானால் போர்டு போய்விட்டதா?

கேள்வி: எங்கள் எலக்ட்ரானிக் டிரம் கிட்டில் ஸ்நேர் பேட் (வாசிப்பவர் முன்னால் இருக்கும் முக்கிய டிரம்) விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. டாமை (பக்கத்து டிரம்) அடித்தால் சில நேரம் ஸ்நேரும் சேர்ந்து ஒலிக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்த மெக்கானிக், “சென்சார் செத்துப்போச்சு, மாட்யூல் (ஒலியை உண்டாக்கும் பெட்டி) போர்டையும் மாத்தணும், 14 ஆயிரம் ஆகும்” என்கிறார். மாற்றலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாட்யூல் பக்கம் தொடாமல், ஸ்நேர் கேபிளை டாம் பேடிலும் டாம் கேபிளை ஸ்நேர் பேடிலும் மாற்றிச் செருகி அடித்துப் பாருங்கள். அப்போதும் ஸ்நேர் பேடே மக்கர் செய்தால் கோளாறு பேடில். டாம் பேடை அடிக்கையில் ஸ்நேர் ஒலி விட்டுவிட்டு வந்தால் பேட் நன்றாக இருக்கிறது. கேபிளையோ மாட்யூல் ஜாக்கையோ சந்தேகப்படுங்கள். புதுக் கேபிள் வாங்கினால் ஸ்டீரியோ கேபிளாக, அதாவது செருகும் முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ளதாக வாங்குங்கள். மோனோ கேபிளைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதில் ரிம் (பேடின் விளிம்பு) ஒலி வராது.

இப்போது அந்த மீட்டர் கதை. பேடுக்குள் இருப்பது பியசோ டிஸ்க், தட்டினால் சிறு மின்னழுத்தம் தரும் சென்சார். பித்தளைத் தகட்டின் மேல் ஒட்டிய செராமிக் வட்டம். செராமிக் வழியே மின்சாரம் ஓடாது. இணைப்பைச் சோதிக்கும் நிலையில் மின்சாரம் ஓடினால்தான் மீட்டர் ‘பீப்’ அடிக்கும். ஆகவே நல்ல டிஸ்க்கிலும் அது வராது. பீப் வரவில்லை என்று புது சென்சாருக்குப் பில் போடுவது அறியாமை, இல்லாவிட்டால் ஏமாற்று. மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்துப் பேடைத் தட்டுங்கள். எண் துள்ளினால் டிஸ்க் உயிரோடிருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு. சிம்பல் விளிம்பிலும் சில பேடுகளின் ரிம்மிலும் இருப்பது பியசோ அல்ல, அழுத்தினால் சேரும் சுவிட்ச். அங்கே அழுத்தும்போது பீப் வரத்தான் வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். அழுத்தியும் வராவிட்டால் சுவிட்ச் பழுது. விட்ட பிறகும் நிற்காவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் மெக்கானிக் ரிம் கம்பிகளில் மீட்டர் வைத்திருந்தால் அவர் பார்த்த முறை சரி. ஆனாலும் அதற்கும் போர்டுக்கும் சம்பந்தமில்லை.

பேடைத் திறந்தால் பெரும்பாலும் சால்டர் (ஈயப் பற்றவைப்பு) விட்ட கம்பியோ, நம் ஊர் வெயிலில் பசை இளகிக் கழன்ற ஃபோம் டேப்போதான் கண்ணில் படும். டிஸ்க்கே உடைந்திருந்தால் அதே விட்டத்தில், கம்பி வைத்துச் சால்டர் செய்ததாகவே சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேளுங்கள். மலிவான பொருள்தான். சிவப்புக் கம்பி வெள்ளை வட்டத்துக்கு, கறுப்பு பித்தளைக்கு. வெள்ளைப் பூச்சில் சூட்டுக்கோலை இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் உரிந்துவிடும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் டிஸ்க் மட்டும் தர மாட்டோம், முழு பேடும் வாங்கு என்று சொல்லலாம். 

டாம் அடித்தால் ஸ்நேர் கேட்பது தனிப் பிரச்சினை. முதலில் ஸ்டாண்டின் கிளாம்ப்களை இறுக்குங்கள். அதிர்வு அந்தக் குழாய் வழியாகத்தான் பரவுகிறது. நிற்காவிட்டால் மாட்யூலில் ஸ்நேரின் கிராஸ்டாக் அளவை (பக்கத்து பேடின் அதிர்வைத் தடுக்கும் அமைப்பு) ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். டாமின் அளவை அல்ல, தப்பாக ஒலிக்கும் பேடின் அளவை. அதிகம் ஏற்றினால் இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது ஸ்நேர் விழுங்கப்படும். யாராவது ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தால் உங்கள் ஸ்நேர் விட்டுவிட்டுக் கேட்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். பேடைத் திறக்கும் முன் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.