லேசர் என்றதும் கூடுதல் கூலி கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இஎன் 8 எஃகு ஷாஃப்ட் ஒன்று புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உறை) ஓடும் இடத்தில், விட்டத்தில் 0.6 மி.மீ. தேய்ந்துவிட்டது. ஒருவர் ஹார்ட் குரோம் (மின்முலாமாக ஏற்றும் கெட்டியான குரோமியப் பூச்சு) போடலாம் என்கிறார். இன்னொருவர் பல மடங்கு கூலி சொல்லி, ‘லேசர் ட்ரீட்மென்ட்’ செய்தால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார். எதை ஏற்பது?

பதில்: அவர் சொல்லும் லேசர் வேலை ஹார்டனிங்கா, கிளாடிங்கா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லேசர் ஹார்டனிங் என்பது கதிரால் மேற்பரப்பை மட்டும் நொடியில் சூடாக்குவது; உள்ளே குளிர்ந்திருக்கும் உலோகமே அந்தச் சூட்டை இழுத்துக்கொள்வதால், எண்ணெயோ நீரோ இல்லாமலேயே மேல்தோல் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம் வரை கெட்டிப்படும். இஎன் 8-இல் சுமார் 0.4 சதவீதம் கார்பன் இருப்பதால் அது நன்றாகவே கெட்டிப்படும். ஆனால் தேய்ந்துபோன அளவு திரும்பி வராது. உருளைப் பரப்பில் இன்னொரு குறையும் உண்டு: சுற்றி வரும் கதிர் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது, முன்பு கெட்டிப்பட்ட பகுதி மறுபடி சூடாகி, ஒரு கோடு அளவுக்கு மென்மையாகிவிடும்.

கிளாடிங்கில் உலோகப் பொடியை உருக்கி ஷாஃப்டோடு பிணைப்பதால் அளவு மீளும். எந்தப் பொடி என்று கட்டாயம் கேளுங்கள். பெயர்பெற்ற ஸ்டெல்லைட் 6 என்ற கோபால்ட் கலப்புலோகத்தின் கடினத்தன்மை 40 எச்.ஆர்.சி.யை (ராக்வெல் ‘சி’ கடினத்தன்மை அளவு) ஒட்டியதுதான், ஹார்ட் குரோம் அதைவிட மிகவும் கடினமானது. மேலும், இஎன் 8 முன்கூட்டியே சூடாக்கப்படாவிட்டால், படிவுக்குக் கீழேயுள்ள எஃகு சட்டென்று குளிர்ந்து நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விடக்கூடும். ஆகவே, கிரைண்டிங் முடிந்த பிறகு டை பெனிட்ரன்ட் சோதனை (சாயம் தடவி விரிசலைக் கண்டறிவது) செய்து காட்டுவதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

குரோம் மணிக்குச் சில பத்து மைக்ரான் அளவிலேயே படியும். உங்களுக்குப் பக்கத்துக்கு 0.3 மி.மீ.யும் கிரைண்டிங் கழிவும் தேவை என்பதால், நேரம் பிடித்தாலும் செய்துவிடலாம். அந்தப் பூச்சிலும் நுண்விரிசல்கள் இருக்கும், அது இயல்புதான்.

ஆனாலும், பெரிய அளவோ சிக்கலான வடிவமோ இல்லாத ஷாஃப்ட் என்றால், இம்மூன்றுக்கும் விலை கேட்பதற்கு முன் புதிய கம்பியைக் கடைந்து, புஷ் ஓடும் இடத்தை மட்டும் இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மின்சுருளால் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவது) செய்ய என்ன ஆகும் என்று கேளுங்கள். வளையம் முழுவதும் ஒரே நேரத்தில் சூடாகிக் குளிர்வதால் அங்கே மென்மையான கோடு விழாது. இஎன் 8 விலை உயர்ந்த எஃகும் அல்ல. சாதாரண ஷாஃப்டைக் கிளாடிங்குக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண் செலவு என்பதே என் கருத்து.

கேள்வி: டை (அச்சுக் கருவி) விளிம்புக்கு லேசர் ஹார்டனிங் செய்தோம். 58 எச்.ஆர்.சி. என்று சான்று தந்தார்கள். எங்கள் ராக்வெல் மெஷின் 51 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ராக்வெல் ‘சி’ அளவையில் 150 கிலோ சுமை அழுத்துகிறது. கெட்டிப்பட்ட அடுக்கு ஏறத்தாழ 0.8 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால், அடியிலுள்ள மென்மையான உலோகமும் அமுங்கி அளவு குறைவாகக் காட்டும். அதே எஃகில், அதே லேசர் அமைப்பில் செய்த மாதிரித் துண்டை வெட்டி, குறைந்த சுமை விக்கர்ஸ் சோதனையில் (சிறு வைர முனையால் அழுத்திக் கடினத்தன்மை அளப்பது) ஆழவாரியாக எடுத்த அளவுகளைத் தரச் சொல்லுங்கள். அதிலும் குறைவு தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.