கம்பு வீட்டில் கிடக்கும், கால் கூடவே வரும்: தற்காப்புக் கேள்வி பதில்

உச்சிப்புளிப் பக்கம் இருபத்திரண்டு வருடமாகச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். தற்காப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் பாம்பனிலிருந்து தேவிபட்டினம் வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கீழக்கரை, கல்லூரி மாணவி: பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ஆறு மாதத்தில் ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா, வாத்தியாரே?

முடியும்மா. ஆனால் முதல் மாதம் கையைத் தூக்கவே விடமாட்டேன். கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடி பழக்குவதுதான் சிலம்பத்தின் வழக்கம். பலர் இதைச் சடங்கு என்று நினைத்து அலுத்துக்கொள்கிறார்கள். காரணம் இருக்கிறது. எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் நின்றால், அவன் கை கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் தடுக்க யாருக்கும் நேரம் போதாது, எனக்கும்தான். இரண்டடி தள்ளி நின்றால் அவன் முதலில் கால் எடுத்து வைத்தாக வேண்டும். அந்த ஒரு எட்டுதான் உனக்குக் கிடைக்கும் அவகாசம்.

அதனால் பயிற்சி இப்படி: ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நெருங்குவார். நீ நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் விலகி, இரண்டு உள்ளங்கையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து, "அங்கேயே நில்லுங்க!" என்று கத்த வேண்டும். கத்தும்போது அடைத்துக்கொண்ட மூச்சு வெளியே வரும், உடம்பும் அசையும். நம் பெண் பிள்ளைகளுக்குக் குத்துவதைவிடக் கத்துவதுதான் கஷ்டமாக இருக்கிறது. சத்தம் போடாதே என்றே வளர்த்திருக்கிறோம் அல்லவா. மணிக்கட்டைப் பிடித்துவிட்டால், பிடித்தவனின் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருகி இழு. பிடி அங்கேதான் பலவீனம். அதோடு நிற்காமல் ஓடு. அந்த வழியில் காதில் பாட்டு வேண்டாம், அவசர உதவி எண் 112 போனில் தயாராக இருக்கட்டும், காட்டோரமாக நடக்காமல் ரோட்டு நடுவில் நட.

தங்கச்சிமடம், 19 வயது: ஒரு வருடமாக ஜிம் போகிறேன். போன மாதம் ஒரு தகராறில் கை கால் நடுங்கி அப்படியே நின்றுவிட்டேன். நான் கோழையா, அண்ணே?

இல்லை தம்பி. ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், பார்வை குறுகும், காது அடைக்கும், விரல் நுணுக்கமான வேலைக்கு ஆகாது. சிலருக்கு உடம்பு உறைந்தே போகும். எனக்கும் நடந்திருக்கிறது. ஊர்த் திருவிழாவில் ஒருவன் சட்டையைப் பிடித்தபோது, பத்து வருடம் பழகிய சிலம்ப அடிவரிசை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் பயிற்சி முறையை மாற்றினேன்.

நீ சாவகாசமாகப் பழகியது சாவகாசமான நேரத்துக்குத்தான் உதவும். கரை மணலில் முப்பது வினாடி உயிரைக் கொடுத்து ஓடு. மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். இளைத்துப் போய் நிற்கும்போதே நண்பன் வந்து தள்ளட்டும், திட்டட்டும். அப்போது விலகு, கத்து. அப்புறம் நாலு எண்ணி மூச்சு இழு, நாலு எண்ணி நிறுத்து, நாலு எண்ணி விடு, நாலு எண்ணி நிறுத்து. ஐந்தாறு முறை செய்தால் நடுக்கம் குறையும். மூன்று நாள் மணல் என்றால் ஒரு நாள் தார் ரோடு, அதுவும் கைலி கட்டி, செருப்போடு. தகராறு ஷூ போட்டுக்கொண்டா வருகிறது?

முஷ்டியால் முகத்தில் குத்தாதே. மண்டை எலும்பு கெட்டி, விரல் எலும்புதான் முறியும். உள்ளங்கை அடிப்பாகம் போதும்.

பாம்பன், பாசி எடுக்கும் அக்கா: விடியுமுன்னே கடலுக்குப் போவோம். வழியில் குடித்துக் கிடப்பவர்கள் வம்பு பண்ணுகிறார்கள். பெப்பர் ஸ்பிரே வாங்கலாமா, தம்பி?

வாங்கலாம், லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் நம் ஊர்க் காற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா அக்கா? ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது ஸ்பிரே அடித்தால் உங்கள் கண்ணிலேயே விழும். வெளிச்சம் கூடிய டார்ச் வாங்குங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அடித்தால் சில வினாடி தடுமாறுவான். நாலு பேராகச் சேர்ந்து போவது எல்லாவற்றையும்விட மேல்.

இன்னொன்று. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் சொல்கிறது. அதனால் வம்பு பண்ணுகிறவன் சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன் என்று தயங்காதீர்கள். 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

மண்டபம்: கத்தியோடு வந்தால் எப்படிப் பிடுங்குவது?

பிடுங்காதீர்கள். பர்ஸைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுங்கள்.

தொண்டி: திருப்பி அடித்தால் நம்மேலேயே கேஸ் வருமாமே?

வரலாம், ஆனால் சட்டம் தற்காப்பை ஒப்புக்கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்தில் அவை 96 முதல் 106 வரை. தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் செய்யலாம் என்பது 37ஆவது பிரிவு. கழுத்தை நெரிப்பவனின் கண்ணில் விரலை விட்டால் அது தற்காப்பு. அவன் விட்டுவிட்டு ஓடிய பிறகு துரத்திப் போய் மண்டையை உடைத்தால், அது நீங்கள் செய்த அடிதடி. நம் பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான். தப்பித்ததும் போலீசுக்கு முதலில் போன் செய்வது நீங்களாக இருக்கட்டும்.

சாயல்குடி: வர்மத்தில் ஒரு விரல் வைத்தால் ஆள் விழுந்துவிடுவானா?

அசையாமல் படுத்திருந்தால் பார்க்கலாம். துள்ளுகிறவன் உடம்பில் புள்ளி தேட முடியாது.

தேவிபட்டினம், 58 வயது: முழங்கால் வலி. ஓடவும் முடியாது, கத்தவும் கூச்சம். எனக்கு என்ன வழி?

உங்கள் வயதில் அடியைவிட விழுவதுதான் ஆபத்து, ஐயா. பாயை விரித்து, உட்கார்ந்த நிலையிலிருந்து தாடையை நெஞ்சோடு ஒட்டிப் பின்னால் சாயப் பழகுங்கள், பின்மண்டை தரையில் படக்கூடாது. அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். வலி கூடினால் நிறுத்திவிடலாம். சிலம்பக் கம்பு நெற்றி உயரம் இருக்கும், அதை ரோட்டில் தூக்கிக்கொண்டு போக முடியாது. கைத்தடி போதும். நாயோ ஆளோ நெருங்கினால் ஓங்காதீர்கள், ஓங்கினால் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு கையாலும் பிடித்து நுனியை எதிராளியின் வயிற்றுக்கு நேராக நீட்டி நில்லுங்கள். வாங்கும்போது அடியில் ரப்பர் பூண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கோயில் கல்தரையில் வழுக்கிவிடும்.