1999-இல் யாரும் 'பட்டன் போன்' என்று சொன்னதில்லை

கேள்வி: நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் 1999-இல் திருப்பூரில் தொடங்கி 2004-இல் முடிகிறது. பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு முதலாளி, அவரிடம் வேலை பார்க்கும் மேனேஜர் முருகேசன், இரண்டு பேர் கையிலும் செல்போன். அலைபேசி, கைபேசி, செல்போன், மொபைல், இதில் எதை எழுதுவது? முருகேசனிடம் நோக்கியா 3310 இருப்பதாக எழுதியிருக்கிறேன், சரியா? ஒரு பத்தியும் அனுப்பியிருக்கிறேன். அந்தக் காலத்துப் பேச்சு மாதிரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் நீங்கள் அனுப்பிய பத்தியை அப்படியே போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

"முருகேசன் தன் பட்டன் போனை எடுத்துப் பச்சை பட்டனை அழுத்தினான். முதலாளிதான். 'லேண்ட்லைன்ல இருந்து பேசறேன், டவர் வீக்கா இருக்கா?' என்றார். 'ஆமா சார், என் ப்ரீபெய்டுல பேலன்ஸும் இல்ல, அப்புறம் மிஸ்டு கால் தர்றேன்' என்றான். கண்டெய்னர் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள்."

3310-ஐப் பற்றிய சந்தேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த மாடலை நோக்கியா அறிவித்ததே 2000 செப்டம்பரில்தான். 1999-இல் முருகேசன் கையில் 5110 அல்லது 6110 இருக்கலாம், எரிக்ஸன் இருக்கலாம், பர்மா பஜாரில் பில் இல்லாமல் வாங்கிய எதுவும் இருக்கலாம். ஆனால் மாடல் தவறை ஒரு நல்ல எடிட்டர் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். இந்தப் பத்தியைக் கெடுப்பது மற்ற வார்த்தைகள். படிக்கிறவருக்கு ஏதோ உறுத்தும், எது என்று சொல்லத் தெரியாது.

'பட்டன் போன்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடுதிரை வந்து, அது எல்லார் கைக்கும் பரவிய பிறகுதான் பழையதைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. 1999-இல் எல்லா செல்லிலும் பட்டன்தான், அதை யார் தனியாகச் சொல்வார்கள்? 'லேண்ட்லைன்' கதையும் அதேதான். வீட்டில் இருந்தது போன், ஆபீஸில் இருந்தது போன், புதிதாக வந்ததுதான் செல். "போன்ல சொல்லு" என்றால் அது கம்பி போன்தான், மற்றதற்குத்தான் "செல்லுல கூப்பிடு" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று இது தலைகீழாகிவிட்டது, போன் என்றாலே கையில் இருப்பது. நாவல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். 'போஸ்ட்பெய்டு' என்ற சொல்லுக்கும் ப்ரீபெய்டு பரவிய பிறகுதான் வேலை வந்தது. அதற்கு முன் 'கனெக்‌ஷன்' இருந்தது, மாதம் பிறந்தால் 'பில்' வந்தது, அவ்வளவுதான். 'ஃபீச்சர் போன்', '2ஜி போன்' எல்லாம் இதே ரகம். சார்ஜரில்கூட 'பெரிய பின், சின்ன பின்' என்ற பேச்சு, நோக்கியா மெல்லிய பின்னைக் கொண்டுவந்த பிறகு பிறந்தது. அதற்கு முன் நோக்கியா சார்ஜர் என்றாலே அந்தத் தடிப் பின்தான்.

ஆகவே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வார்த்தை எதிலிருந்து எதைப் பிரித்துக் காட்டுகிறது? அந்த இன்னொன்று கதை நடக்கும் வருடத்தில் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் வார்த்தையைத் தூக்கிவிடுங்கள்.

பச்சை பட்டனுக்கு வருகிறேன். 5110, 3210, 3310 மூன்றிலும் பச்சை, சிவப்பு பட்டன்களே கிடையாது. ஸ்கிரீனுக்குக் கீழே நடுவில் ஒரே ஒரு நீளமான பட்டன், அதற்கு மேல் ஸ்கிரீனில் என்ன எழுத்து தெரிகிறதோ அந்த வேலையை அது செய்யும். பக்கத்தில் அழிப்பதற்கு 'சி' பட்டன். அழைப்பு வந்தால் அந்த ஒரே பட்டனை அழுத்தித்தான் எடுக்க வேண்டும், பேசி முடித்ததும் அதையே அழுத்தித்தான் வைக்க வேண்டும். 6110-இல் எடுக்கவும் வைக்கவும் தனித்தனி பட்டன் இருந்தது. இப்படி ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதோடு வரும் உடல்மொழியும் மாறும். 5110-இல் தலைக்கு மேல் கட்டைவிரல் மாதிரி ஏரியல் நீட்டிக்கொண்டிருக்கும், சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியும், பலர் பவுச்சில் போட்டு பெல்ட்டில் மாட்டியிருந்தார்கள். 3210 வந்தபோது ஏரியல் உள்ளே போய்விட்டது.

இனி முக்கியமான விஷயம். உங்கள் பத்தியில் முதலாளி கூப்பிடுகிறார், முருகேசன் எடுத்துப் பத்து நிமிடம் பேசுகிறான். 1999-இல் இது நடக்காது. ஏனென்றால் இன்கமிங்குக்கும் காசு. 1995 ஜூலை 31-ஆம் தேதி மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசி இந்தியாவில் செல்போன் சேவையைத் தொடங்கிவைத்த காலத்தில் நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு, நெரிசல் நேரத்தில் 16 ரூபாய் 80 காசு வரை போனது. 1999-இல் கட்டணம் குறைந்தது, ஆனால் வருகிற அழைப்புக்குக் காசு கொடுக்கும் வழக்கம் போகவில்லை. கூப்பிடுகிறவர் மட்டும் காசு கொடுத்தால் போதும் என்ற முறை 2003 மே மாதம்தான் வந்தது. அதாவது உங்கள் நாவலின் முக்கால்வாசி, வந்த அழைப்பை எடுக்கவே யோசித்த காலத்தில் நடக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அன்றைய செல்போன் பேச்சு முழுக்க இந்தக் காசைச் சுற்றித்தான் ஓடியது. 'இன்கமிங்', 'அவுட்கோயிங்' என்ற இரண்டு வார்த்தையும் இங்கிலீஷ் தெரியாதவர்கள் வாயிலும் சரளமாக வந்ததற்கு வேறு என்ன காரணம்? "இன்கமிங் ஏறுது, வை." "சீக்கிரம் சொல்லு, செல்லுல இருக்கேன்." "ஆபீஸ் நம்பருக்குப் போடு." இவைதான் அந்த வருடங்களின் வசனங்கள். செல்லில் நம்பரைப் பார்த்துவிட்டு, எடுக்காமல், பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கோ ஒரு ரூபாய் காயின் பூத்துக்கோ போய்த் திரும்பக் கூப்பிட்டவர்கள் ஏராளம். கையில் செல்லை வைத்துக்கொண்டு பூத் வாசலில் வரிசையில் நிற்கும் ஒரு மேனேஜரை எழுதிப் பாருங்கள், வருடத்தைச் சொல்லவே வேண்டாம், வாசகருக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

உங்கள் கதைக்கு இன்னொரு சங்கதி கூடுதலாகக் கிடைக்கிறது. அப்போது செல் சேவைக்கு நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்திருந்தார்கள்; சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம். 2005-இல்தான் இரண்டையும் சேர்த்தார்கள். திருப்பூர் நம்பரோடு சென்னைத் துறைமுகத்துக்குப் போனால் ரோமிங், அதாவது வெளி வட்டத்தில் பேசுவதற்குக் கூடுதல் காசு. ஒரே மாநிலத்துக்குள் ரோமிங் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், அதனாலேயே கதையில் அது வர வேண்டும்.

'மிஸ்டு கால்' விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. அடித்துவிட்டு வைக்கும் பழக்கம் கம்பி போனிலேயே இருந்ததுதான், "ஊர் போய்ச் சேர்ந்ததும் ரெண்டு ரிங் குடு" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள், காரணம் யார் அடித்தது என்று அந்த போனில் தெரியாது. செல்லின் ஸ்கிரீன் நம்பரைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் முன்னேற்பாடு இல்லாமலே ஒரு ரிங் ஒரு சேதியாக மாறியது. 1999-இல் திருப்பூர் மேனேஜர் முதலாளிக்கே மிஸ்டு கால் தருவது எனக்கு இயல்பாகப் படவில்லை. 'ரிங் குடுக்கறேன்' என்பது அந்த வருடத்துக்குப் பொருந்தும். 'மிஸ்டு கால் குடு' என்ற பேச்சை 2002-க்கு மேல், ப்ரீபெய்டு கார்டு பெட்டிக்கடை வரை வந்த பிறகு, கல்லூரிப் பையன்கள் வாயில் வையுங்கள். அவர்களுக்குக் கார்டும் தெரியும்: வெள்ளிப் பூச்சைக் காசால் சுரண்டி, உள்ளே இருக்கும் நம்பரை ஒருவர் வாசிக்க இன்னொருவர் அடித்து, தப்பாக அடித்து மறுபடி அடித்து, கடைசியில் போட்ட பணத்தைவிடப் பேசக் கிடைத்தது குறைவு என்று புலம்புவது. 'வேலிடிட்டி முடிஞ்சிருச்சு' என்ற வார்த்தையும் அவர்களோடுதான் வரும். பெரிய ஏற்றுமதியாளரின் ஆட்களுக்கு 1999-இல் கம்பெனி பெயரில் பில் போவதுதான் நம்பும்படியானது.

'டவர்' என்பதை நான் முதலாளி வாயிலிருந்து எடுத்துவிடுவேன். 'சிக்னல் கிடைக்கல' அல்லது 'கவரேஜ் இல்ல' என்பது அவருக்குச் சரியாக இருக்கும். ஊர் ஊராகக் கோபுரங்கள் எழும்பி, வயல் நடுவே நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 'டவர் எடுக்கல' என்பது நம் தமிழுக்கே உரிய பேச்சாக ஆனது. 2004 பகுதியில் முருகேசனின் மாமனார் ஊரில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

சரி, நீங்கள் முதலில் கேட்டதற்கு வருகிறேன். வசனத்தில் 'செல்', 'செல்போன்', வயதானவர்கள் வாயில் 'செல்லு'. 'மொபைல்' அன்று விளம்பரத்திலும் விசிட்டிங் கார்டிலும் ஆங்கிலம் புழங்கும் அலுவலகங்களிலும் இருந்தது, பின்னால்தான் வீட்டுப் பேச்சுக்கு வந்தது. 'கைபேசி', 'அலைபேசி' இரண்டும் எழுத்துக்கான சொற்கள், வசனத்தில் வேண்டவே வேண்டாம். கதைசொல்லியின் குரலில் வரலாமா என்றால், கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இன்றிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொல்கிறவர் என்றால் கைபேசி என்று சொல்லலாம், ஒன்றும் குறையில்லை. 1999-லேயே நின்றுகொண்டு முருகேசன் கண்ணால் பார்க்கிறவர் என்றால் அவருக்கும் அது செல்தான். இரண்டையும் கலக்காதீர்கள். இன்னொன்று, உங்கள் கதையில் சரக்கு வாங்க சிங்கப்பூர் பையர் ஒருவர் வருகிறார் என்றால் அவர் 'ஹேண்ட்போன்' என்பார், எழுத்தில் 'கைத்தொலைபேசி' என்பது அங்கே வழக்கம். கொழும்பிலிருந்து வருகிறவருக்கு இது புதிய பொருளே இல்லை, தெற்காசியாவிலேயே முதலில், 1989-இல், செல் சேவை வந்த நாடு இலங்கை.

கம்பெனிப் பெயர்களில் கவனம். 1999-இல் சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி.; உங்கள் பக்கம் பி.பி.எல்., ஏர்செல். சென்னையில் ஏர்டெல் என்ற பெயர், ஸ்கைசெல்லை பார்தி நிறுவனம் வாங்கிய பிறகு வந்தது, அது 2000-இல். பி.எஸ்.என்.எல். பிறந்தது 2000 அக்டோபர் 1-ஆம் தேதி, அதன் செல் சேவை 2002 அக்டோபரில். அதனால் 1999-இல் போன் ரிப்பேர் என்றால் "டெலிபோன் ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்" என்றுதான் முதலாளி சொல்வார். 2003-இல் 'ரிலையன்ஸ் போன்' வந்தது, 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று விற்றார்கள், தறி ஓட்டுகிறவர் கைக்கும் செல் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். அதில் சிம் கிடையாது, போனோடு நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த போன் வைத்திருக்கும் பாத்திரம் சிம்மைக் கழற்றி எறியும் காட்சி எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பத்தியை, முருகேசன் சென்னையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, நான் எழுதினால் இப்படி வரும். உங்கள் ஊர்ப் பேச்சை நீங்கள் இன்னும் நன்றாகத் திருத்துவீர்கள்.

செல் அடித்தது. ஸ்கிரீனில் ஆபீஸ் நம்பர். பெல்ட்டிலிருந்து உருவி எடுப்பதற்குள் நான்கு தடவை அடித்துவிட்டது.
"சொல்லுங்கண்ணா."
"எங்கெ இருக்கறெ?"
"ஹார்பர்லீங்க. ரோமிங் ஓடுதுங்கண்ணா, வெச்சுருங்க, பூத்துல இருந்து கூப்பிடறேன்."
"கண்டெய்னர் ஏறுச்சா, அதை மட்டும் சொல்லு."
"இன்னும் இல்லீங்க."
வைத்துவிட்டார். முருகேசன் எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் போர்டைத் தேடி நடந்தான்.

பத்து நிமிடப் பேச்சு சில நொடியாகச் சுருங்கிவிட்டது, அதனால் காட்சிக்கு ஒரு பதற்றமும் வந்துவிட்டது பாருங்கள். கண்டெய்னர் ஏன் ஏறவில்லை என்பதை அடுத்த பக்கத்தில், பூத்துக்குள் மீட்டர் ஓட ஓட, முருகேசன் விளக்கிக்கொள்ளட்டும்.

எஸ்.எம்.எஸ். பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாவலில் எப்படியும் வரும். ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள், சில எழுத்து வர ஒரே பட்டனை மூன்று, நான்கு தடவை அமுக்க வேண்டும். சிம்மில் கொஞ்சம் மெசேஜ்தான் நிற்கும், புதியது வர வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும். உங்கள் காதல் கிளைக்கதையில் எதை அழிப்பது என்ற கேள்வி தானாக வந்து உட்காரும், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தக் காட்சியை 2001-க்கு மேல் தள்ளி வையுங்கள், 1999-இல் அந்தப் பெண் கையில் செல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நம்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பூரின் கம்பி போன் நம்பர் 1999-இல் 6 இலக்கம், அதன் முன்னால் 2 சேர்ந்து 7 ஆனது பிறகுதான். செல் நம்பர் தொடக்கத்திலிருந்தே 10 இலக்கம், உங்கள் முதலாளிக்கு 98420 அல்லது 98430 என்று தொடங்கினால் சரியாக இருக்கும். அந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியை எழுத வேண்டாம். நீங்கள் கற்பனையாகப் போடும் 10 இலக்கமும் இன்று உண்மையிலேயே யாரோ ஒருவருடைய நம்பராக இருக்கலாம், புத்தகம் வந்த பிறகு வாசகர்கள் அடித்துப் பார்ப்பார்கள்.