காதுத் துண்டு இருக்கிறதா?

கேள்வி: ஆலயக் கட்டட நிதிக்கு வரவு செலவு கேட்டேன். "ஆடு மேய்ப்பனிடம் கணக்கு கேட்குமா?" என்று போதகர் பிரசங்கத்திலேயே கேட்டார். சபை சிரித்தது. அவர் சொன்னது வேதத்தின்படி சரியா?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: கேட்காதுதான். ஆட்டுக்கு எண்ணத் தெரியாது. ஆட்டுக்குச் சொந்தக்காரன் கேட்பான். வேதத்தில் கணக்கு வருகிற இடங்களை மட்டும் உங்கள் போதகர் பார்த்துப் பார்த்துத் தாண்டியிருக்கிறார்.

மாமனார் லாபானிடம் 20 வருஷம் ஆடு மேய்த்த யாக்கோபு கடைசியில் அவரிடமே பொரிந்து தள்ளுகிறான். பகலில் வெயில், ராத்திரியில் குளிர், தூக்கமே இல்லை. மிருகம் கடித்த ஆட்டுக்கு நான்தான் ஈடு கட்டினேன், திருட்டுப்போனதையும் என் தலையில்தான் கட்டினாய் என்கிறான். யாத்திராகமம் 22 கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: மிருகம் பீறியது என்றால் பீறியதைச் சாட்சியாகக் கொண்டுவா, ஈடு கட்ட வேண்டாம்.

ஆமோஸ் தீர்க்கதரிசி தெக்கோவா ஊர் மேய்ப்பர்களில் ஒருவர், தொழில் தெரிந்தவர். இஸ்ரவேலில் மிஞ்சப்போவது எவ்வளவு என்று சொல்ல வந்தவர், சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் ரெண்டு காலையோ ஒரு காதின் துண்டையோ பிடுங்குவதைக் காட்டுகிறார். அந்தக் காதை வைத்து என்ன செய்வான்? குழம்பா வைப்பான்? அது வவுச்சர் ஐயா! உங்கள் போதகர் சிங்கத்தோடெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம். சிமெண்டுக் கடைக்காரரிடம் கேட்டாலே பில் கொடுப்பார்.

இயேசு சொன்ன உவமையில், 100 ஆட்டில் ஒன்றைக் காணோம் என்று அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணியிருக்கிறான். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் குற்றம் சொல்லக்கூடாது என்று கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். 'உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்' என்ற எபிரெயர் வசனத்தை உங்கள் போதகர் அடிக்கடி எடுப்பார் என்று நினைக்கிறேன். அந்த நடத்துகிறவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

மேய்ப்பன் என்றதுமே இவர்களுக்குக் கண்ணாடி பார்த்த மாதிரி ஆகிவிடுகிறது. 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பர் கர்த்தர், பாடுகிறவன் ஆடு. பேதுருவும் 'பிரதான மேய்ப்பர்' என்று இயேசுவைத்தான் காட்டுகிறார். எசேக்கியேல் 34-ஐ வாசித்துப் பாருங்கள்: கொழுப்பைத் தின்று, ஆட்டுமயிரை உடுத்திக்கொண்டு, மந்தையை மேய்க்காத மேய்ப்பர்கள். அவர்கள் கையிலே என் ஆடுகளைக் கேட்பேன் என்கிறார் கர்த்தர்.

குருக்கள்மேல் ஆட்டு வாசனை அடிக்க வேண்டும் என்றார் போப் பிரான்சிஸ், 2013-இல். நம் மேடைகளில் அடிப்பது சென்ட். வாசலில் பிளெக்ஸ் போர்டு, அதில் தோள்மேல் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிய ஆட்டுக்குட்டி, பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. அது எந்தப் பல்கலைக்கழகம் என்று இதே பக்கத்தில் முன்பு ஒருமுறை கேட்டேன். ஒரு ரெவரெண்ட் டாக்டர் கோபத்தில் சந்தாவை நிறுத்தினார். பாக்கிப் பணத்தைக் கணக்குப் பார்த்து மணியார்டரில் அனுப்பினோம். அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.