என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும் குறைமாதக் குழந்தை தேறி வருகிறதா என்று பெற்றோர் எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம்தான். 29 வாரத்தில் பிறந்த குழந்தை, இன்னும் முதல் வாரம் முடியவில்லை, தினமும் எடை குறைகிறது, டாக்டரைக் கேட்டால் "ஸ்டேபிள்" என்கிறார், அதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவா அப்பாவா என்று சொல்லவில்லை. நடுராத்திரியில் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அம்மா என்றே வைத்துக்கொள்கிறேன். பால் எடுக்க எழுந்திருப்பீர்கள்.

எடை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குறைமாதப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் பிறந்த எடையில் பத்து சதவீதம், சில பிள்ளைகளுக்குப் பதினைந்து வரைகூட இறங்கும். பெரும்பாலும் உடம்பில் இருக்கும் உபரி நீர்தான் வெளியேறுகிறது. இரண்டு வாரம் ஆகும் வாக்கில் பிறந்த எடைக்குத் திரும்பி வரும், அதன் பிறகுதான் ஏற்றம். என் மகன் 1280 கிராம் பிறந்து 1150 வரை போய்த்தான் திரும்பினான். பழைய நிலைக்கு வந்த பிறகு கிலோவுக்குத் தினம் பதினைந்து கிராம் போலக் கூடினால் நல்லது என்பார்கள். அதுவும் ஒருநாள் கணக்கைப் பார்த்துப் பயனில்லை. கையில் ஊசி அசையாமல் இருக்க ஒரு அட்டையை வைத்துப் பிளாஸ்டர் போட்டிருப்பார்கள், அதைச் சேர்த்து நிறுத்தினால் ஒரு எடை, கழற்றி நிறுத்தினால் ஒரு எடை. வாரத்துக்கு வாரம் பாருங்கள்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. "இணையத்தில் மருத்துவம் சொல்லாதே" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள் என்று தெரியும். மருந்து எதுவும் நான் சொல்லப்போவதில்லை. டாக்டரிடம் என்ன கேட்பது என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு 30 வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள், அடுத்ததற்கு நேரமில்லை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. பிள்ளைக்கு மூச்சுக்குழாயில், நுரையீரல் சுருங்காமல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மருந்து விட்டு, வென்டிலேட்டரில் வைத்து, சீக்கிரமே சி-பாப்புக்கு, அதாவது மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவிக்கு, மாற்றினார்கள். அந்த வேலையில் நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளையைக் காப்பாற்றியது அவர்கள்தான். ஆனால் எங்களுக்குக் கிடைத்தது சாயங்காலம் கண்ணாடி வழியாக ஒரு பார்வையும், கவுன்சலிங் ரூமில் "ஸ்டேபிள்" என்ற ஒரு சொல்லும், அதே மேஜையில் அன்றைய பில்லும். அச்சகத்தில் வேலை பார்க்கிற என் கணவர் முதல் வாரம் நகையோடு சமாளித்தார். அதன் பிறகு டாக்டரிடமே வாய்விட்டுக் கேட்டோம். சி-பாப்பில் நிலையாக இருக்கிறான், 108இல் பச்சிளங்குழந்தை ஆம்புலன்ஸ் இருக்கிறது, மாற்றலாம் என்றார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம்.

"காசுக்குப் பார்த்துப் பிள்ளையை ஜிஹெச்சில் போட்டுவிட்டார்கள்" என்று சொந்தத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு ஓடுகிறது. ஓடட்டும். கூட்டம் இருந்தது உண்மை, ராத்திரியில் ஒரு சிஸ்டர் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்ததும் உண்மை. எல்லா ஜிஹெச்சும் இப்படி என்றோ எல்லாத் தனியாரும் அப்படி என்றோ நான் எழுதவில்லை, தயவுசெய்து அந்தச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். ஆனால் என் பிள்ளையை முதன்முதலாகத் தொட்டது அங்கேதான். வளையல், மோதிரம், கையில் கட்டியிருந்த கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, முழங்கை வரை சோப்புப் போட வைத்து, "கிட்ட வாம்மா, எட்ட நின்னு என்னத்தப் பாக்க?" என்றார் ஒரு சிஸ்டர். வயதானவர், கொஞ்சம் கடுகடுப்பு. எனக்குத் தெரிந்த அத்தனையும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

"நல்லா இருக்கானா சிஸ்டர்?" என்று கேட்டால் அவர் பதிலே சொல்ல மாட்டார். "ஆக்சிஜன் எவ்வளவுன்னு கேளு" என்பார். அதாவது பிள்ளை மூச்சுக்கு எவ்வளவு உதவி வாங்குகிறது: வென்டிலேட்டரா, சி-பாப்பா, மூக்கில் சின்னக் குழாயா, வெறும் காற்றா? காற்றில் இருப்பதே 21 சதவீதம். கருவியில் 40 ஓடியது 30 ஆனால் அது முன்னேற்றம். மூச்சு விடாமல் நிற்பது எத்தனை தடவை, தானாகத் திரும்பியதா, தட்டி எழுப்ப வேண்டியிருந்ததா? அப்புறம் பால். ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, நேற்று எத்தனை, வயிறு உப்பியதா, பச்சையாக ஏதாவது திரும்பி வந்ததா? இதைக் கேட்டால் எந்த டாக்டரும் "ஸ்டேபிள்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க முடியாது. நின்று பதில் சொல்வார்கள். ஒருநாள் பாலைக் கூட்டி மறுநாள் நிறுத்துவார்கள், சி-பாப்பை எடுத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். இது எல்லாப் பிள்ளைக்கும் நடக்கிறது, முதல் தடவை மட்டும் நாம் இடிந்து உட்கார்ந்துவிடுவோம்.

மூச்சு விடாமல் நிற்பதற்கு கஃபீன் கொடுத்தார்கள். என் மாமியாருக்கு அது ஆறவே இல்லை. "பச்சப் பிள்ளைக்குக் காப்பியா குடுக்காக?" என்று வாசலில் இருந்தவர்களிடம் எல்லாம் கேட்டார். காப்பியில் இருக்கும் அதே பொருள்தான், உலகம் முழுக்கக் குறைமாதப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான்.

மானிட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவு 92 என்று காட்டினால் ஏன் 100 இல்லை என்று மனது அடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் ஓடுகிற குறைமாதப் பிள்ளையை வேண்டுமென்றேதான் 90க்கும் 95க்கும் நடுவில் வைக்கிறார்கள். கூடுதல் ஆக்சிஜன் கண்ணின் விழித்திரைக்குக் கெடுதல். கூட்டி வைக்கச் சொல்லிச் சிஸ்டரிடம் சண்டை போட்ட ஒரு அப்பாவை நான் பார்த்தேன், பாவம், அவருக்கு யாரும் அதைச் சொல்லவே இல்லை. அலாரம் அடித்தால் முதலில் பிள்ளையின் நிறத்தையும் மூச்சையும் பாருங்கள், அதற்குப் பிறகு காலில் கட்டியிருக்கும் வயர் நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

கங்காரு முறையை உங்கள் மருத்துவமனை தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். தொப்பி, சாக்ஸ், நாப்கின் தவிர எதுவும் இல்லாமல் பிள்ளையை உங்கள் நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கால்களைத் தவளை மாதிரி மடக்கி வைத்துத் துணியால் கட்டுவார்கள். முதல் தடவை எனக்குக் கனமே தெரியவில்லை, சூடு மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் துடிப்பு சீராகி, அடித்துக்கொண்டே இருந்த அலாரம் நின்றது. இன்குபேட்டர் பெட்டி வாங்க வசதியில்லாத ஊருக்கான வைத்தியம் என்று இதை ஒரு படித்த உறவினர் எனக்கு விளக்கினார். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாமல்தான் இது தொடங்கியது, அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்ததில், முதல் மாத இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனமே தினம் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை வைக்கச் சொல்லிவிட்டது. அப்பாவும் வைக்கலாம். என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு, கை நகத்து மை போகவில்லையே என்று வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடத் தெரிவதற்குக் கர்ப்பக் கணக்கில் 34 வாரம் போல ஆகும். அதுவரை டியூப், நடுவில் பாலாடை. நம் பாட்டிமார் வீட்டில் வைத்திருந்த அதே மூக்கு நீண்ட கிண்ணம்தான். கீழுதட்டோரம் வைத்துச் சில சொட்டு சாய்த்துவிட்டு, தொண்டை அசைவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் அந்த சிஸ்டர் கையிலேயே தட்டுவார். பால் வரவில்லையே என்று இப்போது அழாதீர்கள். ஆரம்பத்தில் பிள்ளைக்குத் தேவையே ஒன்றிரண்டு மில்லிதான். ராத்திரி உட்பட இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பீய்ச்சிக்கொண்டே இருந்தால் கூடும். அப்படியும் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள், பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது.

ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று யாராவது உங்களிடம் இந்நேரம் சொல்லியிருப்பார்கள். எனக்கு மருத்துவமனைப் படிக்கட்டிலேயே ஒரு அம்மா சொன்னார். சுத்தப் பொய். வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு குப்புற விழவில்லை, உட்காரவில்லை என்று எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். வளர்ச்சியை முதல் இரண்டு வருடம், பிள்ளை பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும், டாக்டர்கள் கரெக்டட் ஏஜ் என்பார்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிக் கணக்கு. டாக்டர்களுக்கு இது புரிகிறது, பள்ளிக்கூடத்துக்குப் புரியவில்லை. என் மகன் பிறந்தது ஜூலை கடைசி வாரம், பிறந்திருக்க வேண்டியது அக்டோபர். எல்கேஜிக்கு ஜூலை 31க்குள் மூன்று வயது முடிய வேண்டும் என்பது கணக்கு. அக்டோபரில் பிறந்திருந்தால் ஒரு வருடம் தள்ளித்தான் சேர்த்திருப்பேன். அடுத்த வருடம் சேர்க்கிறேன் என்று கேட்டதற்கு, வயது கூடிவிடும், அப்போது யுகேஜியில்தான் இடம் என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினேன். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் கேட்டார்கள். இப்போது வகுப்பிலேயே சின்னவன் அவன்தான், கையெழுத்து சரியில்லை என்று மாதாமாதம் டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். அதே மிஸ்ஸுக்குத்தான் ஆசிரியர் தினத்துக்குப் பரிசு வாங்க என்று காசும் கேட்டார்கள்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். நீங்கள் மறக்கக் கூடாதது கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவான பிள்ளைக்குப் பிறந்த நான்கு வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். உங்கள் பிள்ளை 1200 கிராமுக்கும் குறைவு என்றால் இன்னும் முன்னாலேயே, இரண்டு மூன்று வாரத்தில். மருத்துவமனை மாற்றினாலும், அதற்குள் டிஸ்சார்ஜ் ஆனாலும், எந்தத் தேதி, எந்த இடம் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றால்கூட அடுத்த தேதி கொடுப்பார்கள், அதற்கும் போக வேண்டும். பார்க்கும்போது பிள்ளை வீறிட்டுக் கத்தும். உங்களால் முடியாவிட்டால் வீட்டுக்காரரை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள், நானும் அப்படித்தான் நின்றேன்.