டிகாக்சின், வார்ஃபரினோடு அமியோடரோனும் சேர்ந்தால் என்ன ஆகும்?

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கில்லாமல் துடிப்பது), அதற்கு டிகாக்சினும் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து) வார்ஃபரினும் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) ஏற்கெனவே ஓடுகிறது, புதிதாக அமியோடரோன் (துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து) சேர்த்தபின் பசியே இல்லை, குமட்டல் என்கிறீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது டிகாக்சினைத்தான். அது உடம்பிலிருந்து வெளியேறுவதை அமியோடரோன் தடுப்பதால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும், அதனால்தான் சேர்க்கும்போதே டிகாக்சினைப் பொதுவாகப் பாதியாகக் குறைப்பார்கள். குறைத்தார்களா என்று சீட்டைப் பாருங்கள். நாடித்துடிப்பு 50க்குக் கீழே போவது, பார்வை மஞ்சளாகத் தெரிவது, மயக்கம் இதெல்லாம் இருந்தால் நேரே அவசரப் பிரிவுதான். இல்லாவிட்டாலும் இன்றே டாக்டரிடம் பேசுங்கள், டிகாக்சின் அளவும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அப்புறம் வார்ஃபரின். அதன் வேகத்தையும் அமியோடரோன் கூட்டும், ஆனால் மெதுவாக, வாரக்கணக்கில். போன மாதம் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) சரியாக இருந்தது என்பதை நம்பி உட்கார முடியாது, வாராவாரம் பார்ப்பது நல்லது. ஈறில் ரத்தம், கறுப்பு மலம் வந்தால் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று, அமியோடரோனை நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பிலேயே தங்கும். அந்த மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின், அதனால் தைராய்டைப் பாதிக்கலாம். கல்லீரலையும் பாதிக்கலாம், ஆகவே இரண்டையும் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். புதிதாக வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள், நுரையீரலையும் இது பாதிக்கும்.